மண்ணின் வசந்தம் பிந்தியே வரும்

ஏப்ரல் முதல் வாரத்தில் ஏதோவொரு நாள் ரொறன்ரோவில் திடீரென்று 17 பாகை வெயில் எறிக்கும். மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பின்கதவுகள் திறக்கும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்கள் இருக்கும் தெருக்களில் மண்வெட்டியும் வாரியும் கராஜிலிருந்து வெளியே வரும். கடைகளின் வாசலில் மரக்கறிக் கன்றுகள் வந்து இறங்கவும் அதிக நாளாகாது. அந்த வெயில் நாளில் பின்வளவில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் அது 4 பாகையோ 5 பாகையோதான் காட்டும். காற்றுக்கு வசந்தம் வந்துவிட்டது, மண்ணுக்கு இன்னும் வரவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான சில வாரங்களை எப்படிக் கழிப்பது என்பதில்தான் ஒன்ராறியோவில் வீட்டுத்தோட்டம் செய்பவரின் வருடம் தீர்மானமாகிறது. ஊரில் நாற்றுமேடை போட்டுப் பழகிய கைகளுக்கு இது புதிய கணக்கு. யாழ்ப்பாணத்து மண்ணில் மழையைத்தான் பார்க்கவேண்டும், இங்கே மண்ணின் சூட்டைப் பார்க்கவேண்டும்.

மண் ஏன் இவ்வளவு மெதுவாகச் சூடாகிறது? பெரும்பாலும் தண்ணீரால். உலர்ந்த மண் துகள்களை ஒரு பாகை சூடாக்குவதற்கு வேண்டிய வெப்பத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு, அதே நிறையுள்ள தண்ணீரைச் சூடாக்க வேண்டும். பனி உருகிய வளவில் மண்ணின் துளைகளெல்லாம் தண்ணீர். அதிலும் ஒரு பகுதி ஆழத்தில் இன்னும் கட்டியாகவே உறைந்திருக்கும். ஒரு கிலோ பனிக்கட்டியை, அதன் வெப்பநிலை சற்றும் ஏறாமல், உருக்க மட்டும் 334 கிலோயூல் வெப்பம் செலவாகிறது. அதே வெப்பத்தால் ஒரு கிலோ தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகைவரை சூடாக்கிவிடலாம். மார்ச் மாதத்து வெயிலின் பெரும்பங்கு இப்படி மறைவெப்பமாகவே போய்விடுகிறது. பனி உருகி முடிந்தபின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகத் தொடங்கும், அதுவும் வெப்பத்தைத் தின்னும். பனி மூடிக் கிடந்த நாட்களில் நிலைமை இன்னும் மோசம். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஈரமான கறுத்த மண் அதற்கு நேர்மாறு, பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வேலியின் தெற்குப் பார்த்த பக்கத்தில் பனி முதலில் கரைந்த இடம் மற்ற இடங்களைவிடச் சில வாரம் முந்தி நடவுக்குத் தயாராவது இதனால்தான்.

வெப்பம் மேலிருந்து கீழே இறங்கும் வேகமும் குறைவு. இரவு பகல் வேறுபாடு அரை மீற்றர் ஆழம் போவதற்குள் அடங்கிவிடும். அதற்குக் கீழே இருப்பது போன மாதங்களின் வெப்பநிலை. ரொறன்ரோவில் வீட்டு அத்திவாரத்தைக் குறைந்தது 1.2 மீற்றர் ஆழத்தில் வைத்துக் கட்டுவதற்குக் காரணம், குளிர்காலத்தில் உறைவு அந்த ஆழம்வரை இறங்கக்கூடும் என்பதே. மேலே வெயில் அடிக்கும்போது கீழே அந்தக் குளிரின் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

ஆகவே என் கருத்தில் வசந்தத் தோட்டத்துக்கு வாங்கவேண்டிய முதற் பொருள் மண்ணும் அல்ல, உரமும் அல்ல. ஒரு வெப்பமானி. சமையலில் இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் கூர்முனை வெப்பமானியே போதும், பூச்சியத்துக்குப் பக்கத்திலிருந்து காட்டக்கூடியதாகப் பார்த்து வாங்கினால் சரி. காலை 8, 9 மணிக்கு, விதை போடும் ஆழத்தில் அளக்கவேண்டும். பிற்பகலில் அளந்தால் மேல்மண் ஏமாற்றும். நாலைந்து நாள் தொடர்ந்து அளந்து பார்த்தால் வளவின் எந்த மூலை முந்துகிறது, எது பிந்துகிறது என்பது தெரிந்துவிடும். உயர்த்திக் கட்டிய பாத்தி முந்தும், ஏனென்றால் தண்ணீர் வடிந்துவிடுகிறது, சூடாக்கவேண்டிய சுமை குறைகிறது. வாய்க்காலோரத் தாழ்நிலம் எப்போதும் கடைசி.

அந்த இலக்கத்துக்கு என்ன அர்த்தம் என்பதை விதைகளே சொல்லும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற விதையியலாளர் பல மரக்கறி விதைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் முளைக்கவைத்து, எத்தனை நாளில் தலைகாட்டுகின்றன என்று அட்டவணை செய்தார். இன்றும் விதைக் கம்பனிகளும் விவசாய ஆலோசகர்களும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். பட்டாணி 5 பாகையில் முளைக்க 36 நாள் எடுக்கிறது, 10 பாகையில் இரண்டு வாரம், 20 பாகையில் ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம். தக்காளி 10 பாகையில் 43 நாள், 15 பாகையில் இரண்டு வாரம், 25 பாகையில் 6 நாள். மிளகாய் 15 பாகையில் 25 நாள், 25 பாகையில் 8 நாள். இந்த எண்களைப் பார்த்தபின் அவசரத்தால் என்ன கிடைக்கிறது என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் போட்ட பட்டாணியும் மூன்று வாரம் பிந்திப் போட்ட பட்டாணியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தலை நீட்டும். முந்திப் போட்டது அந்த மூன்று வாரமும் ஈரக்குளிரில் பூஞ்சைக்கும் புழுவுக்கும் இரையாகும் ஆபத்தோடு கிடந்திருக்கும்.

பட்டாணி, ஸ்பினாச், முள்ளங்கி, வெங்காயம் போன்றவை குளிரைத் தாங்கும் குடும்பங்கள். அவை பிந்தினாலும் வந்துவிடும். வெண்டி, பயற்றை, பாகல் போன்ற வெப்பநாட்டு விதைகளின் கதை வேறு. அவை 15, 16 பாகைக்குக் கீழே பிந்துவது மட்டுமல்ல, உள்ளுக்குள்ளே காயப்படுகின்றன. உலர்ந்த விதையின் கலங்களைச் சூழ்ந்த மென்சவ்வுகள் ஒழுங்கு குலைந்த நிலையில் இருக்கும். தண்ணீர் உள்ளே புகும் முதல் சில மணி நேரத்துக்குள் அவை மீண்டும் ஒழுங்காக அடுக்கப்படவேண்டும். அந்தத் தண்ணீர் கடுங்குளிராக இருந்தால் சவ்வின் கொழுப்புகள் இறுகி, இந்த அடுக்கல் சரியாக நடக்காது. கலத்துக்குள் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மண்ணுக்குள் கசியும். பித்தியம் போன்ற அழுகல் நுண்ணங்கிகளுக்கு அது நல்ல விருந்து. மே தொடக்கத்தில் போட்ட வெண்டி விதை முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்த்தால் பிசுபிசுத்த கோதுதான் கையில் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். விதை பழசு என்று விற்றவரைக் குறைசொல்வதற்கு முன் மண்ணை அளந்து பார்ப்பது நியாயம்.

குளிரையே வேண்டி நிற்கும் பயிர்களும் இதே வளவில் உண்டு. ஒக்டோபரில் ஊன்றிய உள்ளிப்பூடு மார்ச் கடைசியில் பனியைத் துளைத்துக்கொண்டு பச்சை முனையைக் காட்டும். அதன்மேல் மறுபடி பனி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. பல வாரக் குளிரைப் பட்டிருந்தால்தான், பின்னால் பகல் நீளும்போது, உள்ளி பல்பல்லாகப் பிரிந்த பூடாகத் திரளும். வசந்தத்தில் ஊன்றினால் பல சமயம் பிரியாத ஒற்றை உருண்டையே கிடைக்கும். ஒரு செடி குளிரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது? 1918இல் ஜேர்மனியில் குஸ்தாவ் கஸ்னர், குளிர்காலத் தானியங்களின் முளைகளைக் குளிரில் வைத்தெடுத்தால் வசந்தத்தில் விதைத்தாலும் கதிர் விடும் என்று காட்டினார். அது மூலக்கூறு அளவில் எப்படி நடக்கிறது என்பது விளங்கப் பல பத்தாண்டுகள் எடுத்தன. இங்கிலாந்தில் நோரிச் நகரத்து ஜோன் இன்ஸ் ஆய்வுநிலையத்தில் கரோலைன் டீன் குழுவினர், அரபிடொப்சிஸ் என்ற சிறு கடுகுக் குடும்பச் செடியில், பூப்பதைத் தடுத்து நிற்கும் ஒரு மரபணுவைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். குளிர் நீடிக்க நீடிக்க, அந்த மரபணு ஒவ்வொரு கலமாக மூடப்பட்டுக்கொண்டே போகிறது. ஒரு கலத்தில் அது திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், இடைநிலை இல்லை. எத்தனை கலங்களில் மூடியிருக்கிறது என்பதே அந்தச் செடி அனுபவித்த குளிர்காலத்தின் நீளம். கலம் பிரிந்தாலும் அந்த மூடல் அடுத்த கலத்துக்கும் போகிறது. மூளையோ நரம்போ இல்லாத ஓர் உயிர் காலத்தை எண்ணி வைத்துக்கொள்கிறது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது. உள்ளி வேறு குடும்பம், அதன் பொறிமுறை இதேதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மார்ச் மாதத்தில் அந்தப் பச்சை முனைகளைப் பார்க்கும்போது, போன மூன்று மாதமும் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று எவராலும் எண்ண முடியாது.

இனி வளவுக்குள் காலை வைப்பதைப் பற்றி. ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் பல வீடுகளின் மண் கனத்த களிமண். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு மெல்லிய படையாகத் திருப்பிப் போட்ட வளவுகளும் நிறைய. களியின் துகள்கள் மிக மெல்லிய தகடுகள். அவை ஒன்றுக்கொன்று கோணலாக நின்று நடுவில் இடைவெளி விடும்வரைதான் மண்ணுக்குள் காற்றும் வேரும் போகும். ஈரம் நிறைந்திருக்கும்போது ஒருவர் ஏறி மிதித்தால், குலைத்துப் போட்ட சீட்டுகளை அடுக்கித் தட்டியதுபோல் அந்தத் தகடுகள் படுத்து நெருங்கிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், முதல் மிதியிலேயே சேதத்தின் பெரும்பங்கு நடந்துவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் உறைந்தும் உருகியும் இயற்கை இலவசமாகப் பொலபொலக்கச் செய்துவைத்த மண்ணை ஒரே பிற்பகலில் கெடுத்துவிடலாம். கொத்தலாமா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தி உருண்டையாக்கி, பெருவிரலால் தட்டவேண்டும். உடைந்து உதிர்ந்தால் வேலை தொடங்கலாம். நசிந்து விரலில் ஒட்டினால் மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பதே அன்றைய நல்ல வேலை. பாத்திக்குள் போகாமல் முடியாது என்றால் அகலமான பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்று பாரத்தைப் பரப்பலாம்.

உறைவும் உருகலும் நன்மை மட்டும் செய்வதில்லை. வசந்தத்தில் பின்வளவைச் சுற்றி வந்தால் வேலித்தூண் ஒன்று சரிந்திருக்கும், நடைபாதைக் கல் ஒன்று தலைதூக்கி நிற்கும், போன இலையுதிர்காலத்தில் நட்ட பூச்செடி ஒன்று வேரோடு மேலே தள்ளப்பட்டுக் கிடக்கும். தண்ணீர் உறையும்போது 9 வீதம் விரிகிறது, அதனால் தள்ளுகிறது என்றுதான் பலரும் விளக்குவார்கள். அந்த விளக்கம் போதாது. தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டேபர் என்ற புவியியலாளர் 1920களின் இறுதியில் ஒரு நேர்த்தியான பரிசோதனை செய்தார். தண்ணீருக்குப் பதிலாக பென்சீனை மண்ணுக்குள் விட்டு உறையவைத்தார். பென்சீன் உறையும்போது விரியாது, சுருங்கும். அப்படியிருந்தும் மண் மேலே எழும்பியது! தள்ளுவது விரிவு அல்ல, உறிஞ்சல். மண் துகள்களை ஒட்டியிருக்கும் மிக மெல்லிய நீர்ப்படலம் பூச்சியத்துக்குக் கீழேயும் உறையாமல் இருக்கிறது. உறைவின் முன்வரிசை கீழே இருக்கும் ஈரத்தை அந்தப் படலத்தினூடாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இழுத்த நீர் படைபடையாக உறைந்து வில்லை வடிவப் பனிக்கட்டிகளாக வளரும். அவை தடிக்கத் தடிக்க மேலிருப்பதெல்லாம் உயரும். மணல் பெருந்துளைகளால் இழுக்கும் வலு குறைந்தது, சுத்தக் களியினூடாக நீர் மிக மெதுவாகவே நகரும், இரண்டுக்கும் நடுவிலான வண்டல் மண்தான் மிக மோசமாக எழும்பும்.

இதைத் தெரிந்துகொண்டால் வேலிவேலை தெளிவாகிவிடும். தூண் 1.2 மீற்றருக்குக் கீழே இறங்கவேண்டும். குழியின் அடி அகன்றும் வாய் ஒடுங்கியும் இருக்கவேண்டும். பலர் எதிர்மாறாக, மேலே கூம்புபோல் அகலமாகக் கொங்கிறீற்றை ஊற்றுகிறார்கள். உறைந்த மண் அந்த விளிம்பைப் பிடித்து ஒவ்வொரு குளிர்காலமும் சற்றுச் சற்றாகத் தூக்கும். சரிந்த தூணை நிமிர்த்த, உறைவு முற்றாக விட்டு மண் வடிந்த மே மாதமே ஏற்றது. தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து எரிவாயு, மின்சார வழிகளைக் குறித்துக்கொள்ளவேண்டும். அது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. மேலெழுந்த பூச்செடியை மட்டும் காத்திருக்காமல் உடனே கையால் அமர்த்தி, வேர் காயாமல் கொஞ்சம் கூட்டெரு போட்டு மூடிவிடலாம்.

வாகனப்பாதை ஓரத்தில் புல் கருகிக் கிடந்தால் அது வீதியுப்பின் வேலை. சோடியம் களித்துகள்களைப் பிரித்துச் சிதறடித்து மண்ணை இறுகச் செய்கிறது. மண் வடியத் தொடங்கியதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவது முதல் வைத்தியம். ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கல்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, சோடியம் தண்ணீரோடு கீழே போகும்.

சருகுகளைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். முதல் வெயில் நாளில் வாரியை எடுத்து வளவைச் சுத்தமாக வழித்து, கடதாசிப் பைகளில் அடைத்து வீதியோரம் வைப்பது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தப் பைகளுக்குள் என்னென்ன போகின்றன என்று தெரிந்தால் கை தயங்கும். ரொறன்ரோ நகரில் மட்டும் 360க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் வாழ்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்பவையல்ல, கொட்டித் துரத்துபவையுமல்ல. மண்ணுக்குள்ளோ காய்ந்த தண்டுகளின் குழலுக்குள்ளோ தனித்தனியே குளிர்காலத்தைக் கழிப்பவை. ஒரு பம்பிள்தேனீக் குடும்பத்தில் குளிர்காலம் கடந்து மிஞ்சுவது கருவுற்ற இளம் இராணி மட்டுமே. சருகின் கீழே சில சென்ரிமீற்றர் மண்ணுக்குள் அவள் தனியே உறங்குவாள். அவளை ஏப்ரல் தொடக்கத்தில் கிளறிவிட்டால், அந்தக் கோடையில் பிறக்கவேண்டிய நூற்றுக்கணக்கான தேனீக்களும் இல்லாமல் போகும். வளர்ந்த பருவத்திலேயே மரப்பட்டைக்கும் சருகுக்கும் இடையில் குளிர்காலம் கடக்கும் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. பனி முழுதாய்க் கரையுமுன்னே பறக்கும் கபில நிறத்து, மஞ்சள் ஓரம் வைத்த வண்ணத்துப்பூச்சி அப்படிப்பட்டதே.

தக்காளிப் பூவையும் கத்தரிப் பூவையும் அதிர்த்து மகரந்தத்தை உதிர்ப்பதில் பம்பிள்தேனீக்குத் தனித்திறமை உண்டு. அது இறக்கைத் தசைகளை அதிர்த்து, உப்புப்புட்டியின் துளைபோன்ற அந்தப் பூக்களின் மகரந்தப்பையிலிருந்து மகரந்தத்தைக் கொட்டச் செய்யும். ஐரோப்பியத் தேனீயால் இது முடியாது. ஆகவே ஏப்ரலில் சருகைக் காப்பதும் ஓகஸ்டில் கத்தரி காய்ப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு முனைகள். புற்றரையில் தடிப்பாக ஒட்டிக் கிடப்பதை மட்டும் வாரி எடுத்தால் போதும், இல்லாவிட்டால் புல் அழுகும். அதையும் பைக்குள் போடாமல் வேலியோரச் செடிகளின் கீழே குவித்துவிடலாம். காய்ந்த பூத்தண்டுகளை அடியோடு வெட்டாமல் முழங்கால் உயரம் விட்டு வெட்டினால், அந்த வெட்டுவாயினூடாகச் சிறு தேனீக்கள் புதுக் கூடு கட்டும். எத்தனையாம் திகதி சுத்தம் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே நாளைச் சொல்ல முடியாது. பகல் வெப்பநிலை 10 பாகைக்கு மேல் தொடர்ந்து நின்று, வில்லோவும் டான்டலியனும் பூத்தபின் என்றால் பெரும்பாலானவை எழும்பிப் போயிருக்கும்.

வெளியே பொறுமை காக்கும் இந்த வாரங்களில் வீட்டுக்குள்ளே வேலை நிறைய. கணக்கைப் பின்னாலிருந்து போடவேண்டும். மே 25க்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்ரோறியா தினத்தை ஒட்டிய நாட்களைத்தான் இங்கே வழமையாகக் கன்றுகளை வெளியே நடும் காலமாக எடுப்பார்கள். அதிலிருந்து மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், பாகல், புடோல், பூசணிக்கு 3 அல்லது 4 வாரம் பின்னே போகவேண்டும். கொடிவகைகளுக்கு வேர் குழப்பினால் பிடிக்காது. பெரிதாக வளர்த்து நடுவதைவிடச் சிறிதாக நடுவதே அவற்றுக்கு நல்லது. 25 பாகை சூடு முளைப்புக்கு மட்டுந்தான். முளைத்தபின் அதே சூட்டில் வைத்தால், வெளிச்சம் போதாத வீட்டில், நாற்று நூல்நூலாக நீண்டு சாய்ந்துவிடும். காரணம் எளிது. கோடை நண்பகலில் வெளியே ஒளி 1,00,000 லக்ஸ் அளவு. யன்னலிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே வந்தால் ஒருசில ஆயிரமோ அதற்கும் குறைவோ. எங்கள் கண் இரண்டையும் வெளிச்சம் என்றே எடுத்துக்கொள்ளும், செடி எடுத்துக்கொள்ளாது. நிழலுக்குள் அகப்பட்டுவிட்டோம் என்று உணர்ந்து, தண்டை நீட்டி வெளியேறப் பார்க்கும். எல்ஈடி விளக்கைத் தளிருக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, 14 முதல் 16 மணி நேரம் எரித்து, இரவில் அணைத்துவிடவேண்டும். ஒரு சிறு விசிறியும் உதவும். அசைவு பட்ட தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளரும், கையால் மெல்லத் தடவிவிட்டாலும் அதே விளைவுதான். இந்த இயல்பைத் தாவரவியலாளர் மார்க் ஜாஃப் 1973இல் ஆராய்ந்து பெயரிட்டார்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை, சிறகவரை இனங்களைப் பற்றி அடிக்கடி ஒரு முறைப்பாடு கேட்கலாம். கொடி வேலிக்கு மேலால் ஓடுகிறது, பூவைக் காணோம் என்பார்கள். பசளை போடப் போட இலைதான் கூடும். பசளையில் பிழையில்லை, பகல் நீளத்தில்தான் பிழை. ரொறன்ரோவில் ஜூன் பகல் 15 மணி நேரத்துக்கும் அதிகம். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலே 13 மணியைத் தாண்டாது. பல வெப்பநாட்டு இனங்கள் பகல் 12 மணி நேரத்தை நெருங்கும்போதே மொட்டு விடும். அமெரிக்காவில் கார்னர், அலார்ட் என்ற இருவர் 1920இல், கோடை முழுவதும் பூக்க மறுத்த ஒரு புகையிலை இனத்தை வைத்துத்தான் செடிகள் பகல் நீளத்தை அளக்கின்றன என்று உலகுக்குக் காட்டினார்கள். எங்கள் அவரைக்கும் அந்தப் புகையிலைக்கும் சிக்கல் ஒன்றே. செப்டெம்பரில் பூக்கத் தொடங்கும், ஒக்டோபரில் உறைபனி வந்து முடித்துவிடும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத இனமாகப் பார்த்து விதை வாங்குவதே வழி. இந்த முடிவை மார்ச்சில் எடுக்கவேண்டும், ஓகஸ்டில் எடுத்துப் பயனில்லை.

மே மாதத்தில் மிஞ்சியிருக்கும் பயம் இரவுதான். முன்னறிவிப்பு 3 பாகை என்று சொல்லும், காலையில் கத்தரிக் கன்று கறுத்துக் கிடக்கும். வானிலை நிலையத்தின் வெப்பமானி ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில் காற்றை அளக்கிறது. முகிலற்ற, காற்றசையாத இரவில் இலை தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு வீசிக்கொண்டிருக்கும். திரும்பிவருவது குறைவு. அதனால் நிலத்தோடு ஒட்டிய இலை, மேலே அளந்த காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துவிடும். முகில் இருந்தால் அது வீசிய வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், காற்று வீசினால் மேலிருக்கும் சூடான காற்று கீழே கலக்கும். ஆகவே பயப்படவேண்டியது நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் அமைதியான இரவுக்கு. பழைய படுக்கைவிரிப்பு ஒன்றை நிலம்வரை தொங்கும்படி மூடினால் மண் பகலில் வாங்கிய சூடு உள்ளேயே நிற்கும். செடியின் தலையில் மட்டும் போட்டு அடியில் கட்டினால் அந்தச் சூடு உள்ளே வராது. மாலையில் மண்ணை நனைத்து வைப்பதும் நல்லது. ஒன்ராறியோ ஏரிக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து சற்று முந்தியே விலகும், ஆனால் அதே ஏரி மே மாதப் பிற்பகலில் குளிர்காற்றை அனுப்பி அவர்களது மண்ணைப் பிந்த வைக்கும். வடக்கே மார்க்கம், ஸ்ரூவில் பக்கம் பகல் சூடு கூட, இரவு உறைபனியும் கூட. நண்பரின் வளவில் நட்டுவிட்டார்கள் என்பதற்காக நடக்கூடாது.

உறையாவிட்டாலும் குளிர்மண் கன்றை வருத்தும். வேர்க்கலங்களின் சவ்வினூடாகத் தண்ணீர் போவது குறைந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே வெயிலில் கத்தரி வாடி நிற்பது இதனால். தக்காளி இலையின் அடி ஊதாவாக மாறினால் பொசுபரசு போதவில்லை என்று அர்த்தம். ஆனால் மண்ணில் அது இல்லை என்று அர்த்தமல்ல, குளிர்ந்த வேரால் எடுக்க முடியவில்லை. நைதரசனை உயிர்ப்பொருளிலிருந்து விடுவிக்கும் நுண்ணங்கிகளும் குளிரில் சோம்பியே இருக்கும். இந்த நேரம் பசளை கொட்டினால் வேருக்குப் போகாமல் மழையோடு ஏரிக்குப் போகும்.

நடுவதற்கு முன் 7 முதல் 10 நாள், முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்ல வெயிலில் என்று கன்றுகளை வெளியே பழக்கவேண்டும். இலையின் மெழுகுப்படை தடிப்பதற்கும் புறஊதாக் கதிரைத் தாங்கும் நிறப்பொருள்கள் உருவாவதற்கும் அவ்வளவு நாள் வேண்டும். மண் காலையில் 15 பாகை காட்டும்போது தக்காளியை, கீழிலைகளைக் கிள்ளி, தண்டின் பாதி புதையும்படி ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாயும் கத்தரியும் 18 பாகைக்குக் காத்திருக்கட்டும். யன்னலோரத்துக் கறிவேப்பிலைத் தொட்டி, இரவும் 10 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் வந்தபின்தான் வெளியே வரவேண்டும். வெண்டிக்கு அவசரமே வேண்டாம். விதையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, ஜூன் முதல் வாரத்தில் 20 பாகை மண்ணில் ஊன்றினால் பழுதில்லாமல் எழும்பும். மே நடுவில் குளிர்மண்ணில் ஊன்றித் தப்பிய கன்றுகளை அது ஜூலை முடிவதற்குள் எட்டிப்பிடித்துவிடும்.